அரிசியும் காகிதமும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பின் நடந்த பங்குச் சபைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நம் பங்கின் எல்லைக்குள் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் இலவசமாகச் சட்ட உதவி செய்ய ஒரு தர்ம ஸ்தாபனத்தார் முன்வந்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் ஞானோபதேச அறையைக் கேட்கிறார்கள். வக்கீலின் பஸ் செலவுக்கும், தஸ்தாவேஜுகளை நகல் எடுக்கும் செலவுக்கும், மனுவில் ஒட்டும் ஸ்டாம்புக்கும் அர்ச். அந்தோனியார் ஏழைகள் உண்டியலிலிருந்து ஒரு சிறு தொகை கொடுக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள்.

கூட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் ஒரு பெரியவர் எழுந்து சொன்னார்: “சாமி, அரிசி கேட்டால் மூட்டையாகக் கொடுப்போம். புயல் அடித்தபோது கொடுக்கவில்லையா? ஆனால் ஏழைகளுக்கென்று போட்ட காசு வக்கீலுக்குப் போவது தர்மமா? கோர்ட்டுக்குப் போகிறவனுக்குக் கோவில் ஏன் செலவு செய்ய வேண்டும்?”

பலர் தலையசைத்தார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் என் குற்றம் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தனை பேர் நடுவில் அதற்குத் துணிவு வரவில்லை. இப்போது எழுதுகிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

2013-ம் வருஷம். நான் குருப்பட்டம் பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. வேறொரு கடற்கரைப் பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். அங்கேயும் ஒரு முகாம் உண்டு. ஒரு நாள் மத்தியானம், ஐம்பது வயதை நெருங்கிய ஒரு அம்மாள் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். தம் மகனுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும் என்றார். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முகாமில் பிறந்த பிள்ளை. பிறந்தது 1987 ஆகஸ்டு 19. ஞானஸ்நானம் பெற்றது செப்டம்பர் 6. எழுதத் தொடங்கினேன்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சாமி, ஆகஸ்டுன்னு இருக்கத ஜூன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு மாசந்தானே. புள்ள பொறந்தது இந்த மண்ணுலதான், அதுல பொய் இல்லையே.”

அந்த இரண்டு மாதத்தின் அர்த்தம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டுப் பிரஜா உரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்த குழந்தை, பெற்றோர் எந்த நாட்டவராயிருந்தாலும், பெரும்பாலும் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு அது போதாது. தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுகிவிட்டது. ஆகவே ஜூனில் பிறந்தவன் இந்நாட்டவன். ஆகஸ்டில் பிறந்தவன் அகதியின் பிள்ளை. பையன் டிப்ளமா படித்தவன். வெளிநாட்டில் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. பாஸ்போர்ட்டு இல்லை.

நான் மறுத்துவிட்டேன். எட்டாம் கற்பனையை எடுத்துச் சொன்னேன். பொய் நல்ல நோக்கத்துக்காகவே சொல்லப்பட்டாலும் பொய்தான் என்று அர்ச். அகுஸ்தீனும் அர்ச். அக்குயினாஸ் தோமையாரும் போதித்ததை செமினாரியில் படித்தபடியே விளக்கினேன். அந்த அம்மாள் அழவில்லை, வாதாடவுமில்லை. “சரிங்க சாமி” என்று சொல்லி, நான் எழுதிக் கொடுத்த உண்மையான சர்டிபிகேட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நான் புத்தகத்தை மூடினேன். பரீட்சையில் தேறிய மாணவனைப்போல் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வக்கீலம்மாள் என்னைத் தேடி வந்தார். அகதிகளுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தும் ஒரு ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர். அவர் சொல்லித்தான் நடந்ததை அறிந்தேன். நான் மறுத்த பொய்யை ஒரு தரகன் விலைக்கு விற்றிருக்கிறான். கடன் வாங்கிக் கொடுத்த பணத்துக்குக் கள்ளப் பாஸ்போர்ட்டு வந்தது. விமான நிலையத்தில் பையன் பிடிபட்டுச் சிறைக்குப் போனான்.

வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீலம்மாள் தாயாரிடம் முதலாவதாகக் கேட்ட கேள்வி இதுதான்: “அம்மா, உங்கள் பெட்டியில் என்னென்ன காகிதம் இருக்கிறது? கிழிந்தது, மங்கினது, எதுவானாலும் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.” இரும்புப் பெட்டியின் அடியில், சேலைத் துணியில் சுற்றி, அந்த அம்மாளின் தகப்பனாருடைய பழைய பாஸ்போர்ட்டு இருந்தது. அது இந்தியப் பாஸ்போர்ட்டு. அதில் அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. அவற்றில் ஒன்று, பதினோரு வயதுச் சிறுமியாயிருந்த இந்த அம்மாளின் பெயர்!

இது எப்படி என்று கேட்பீர்கள். இலங்கையின் மலைத் தோட்டங்களில் வேலை செய்ய நம் பக்கத்திலிருந்து போனவர்களின் சந்ததியார் லட்சக்கணக்கானோர். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ம் வருஷத்திலேயே வந்த பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. 1974-ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த அம்மாளின் தகப்பனார் இந்தியாவைக் கேட்டு மனுப்போட்டு, பிரஜையாகப் பதிவாகி, பாஸ்போர்ட்டும் பெற்றவர். கப்பலேறுவதற்குள் 1977-ம் வருஷக் கலவரம் வந்தது. குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. 1984-ல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. மறு வருஷம் அந்த அம்மாள் கள்ளத்தோணியில் ராமேஸ்வரம் வந்து சேர்ந்தபோது, எல்லாரையும் எழுதினதுபோல் அவரையும் அகதி என்றே எழுதிக்கொண்டார்கள். சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர் விருந்தாளி என்று பதிவானார். அவரும் அதை நம்பிவிட்டார்.

வாசகரே, இதைக் கவனியுங்கள். தாய் இந்தியப் பிரஜையானால், 1987 ஆகஸ்டில் இந்தியாவில் பிறந்த மகனும் இந்தியப் பிரஜையே. பொய்யான ஜூன் தேவையே இல்லை. உண்மையான ஆகஸ்டே போதுமாயிருந்தது. அந்தத் தாய் என்னிடம் பொய் கேட்டதற்குக் காரணம், அவருடைய உண்மையை அதுவரை ஒருவரும் தேடிக் கொடுக்காததுதான். நான் பொய்யை மறுத்தேன். அது சரியே, இன்று கேட்டாலும் மறுப்பேன். ஆனால் அத்தோடு என் கடமை முடிந்ததென்று புத்தகத்தை மூடினேனே, அது சரியல்ல. “அம்மா, ஏன் இப்படிக் கேட்கிறீர்கள்? உட்காருங்கள். உங்கள் ஊர் எது, தகப்பனார் யார்?” என்று கால் மணி நேரம் கேட்டிருந்தால், ஒரு வக்கீலிடம் அனுப்பியிருந்தால், ஒரு வாலிபன் சிறைக்குப் போயிருக்கமாட்டான். செய்யக்கூடாததைச் செய்வது மாத்திரம் பாவமல்ல. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பாவமென்று உங்கள் பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தில் கற்பிக்கிறவன் நான்.

இப்போது பெரியவருடைய கேள்விக்கு வருகிறேன். அரிசி கொடுப்பது தர்மம். வக்கீல் கொடுப்பதும் தர்மமா?

பசித்தவனுக்கு அரிசி முதலில் வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் அரிசி கொடுக்கும்போது கொடுக்கிற நான் மேலே நிற்கிறேன், வாங்குகிறவன் கீழே நிற்கிறான். அடுத்த மாதமும் அவன் என் வாசலுக்கு வரவேண்டும். அவன் உரிமைக்கான காகிதம் அவன் கைக்கு வந்துவிட்டாலோ, என் வாசல் அவனுக்கு வேண்டியதில்லை. அவன் என் பக்கத்து வீட்டுக்காரனாகிவிடுகிறான். அரிசி மூட்டைக்கு உடனே சம்மதிக்கிற நம் மனம் ஒரு நகல் காகிதத்துக்குத் தயங்குவதற்கு இதுதான் காரணமோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். நீதி என்பது அவனவனுக்கு உரியதை அவனவனுக்குக் கொடுப்பது என்று அக்குயினாஸ் தோமையார் சொல்கிறார். உரியதைக் கொடுக்காமல் தானத்தைக் கொடுத்தால், கடன்காரனுக்குக் கடனை அடைக்காமல் பலகாரம் அனுப்பி வைத்ததுபோல் ஆகும்.

சேசுநாதர் சொன்ன உவமையில், அநீதியுள்ள நீதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவை பிச்சை கேட்கவில்லை. தனக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கேட்டாள். அர்ச். சின்னப்பரை ஜெருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது அவர் என்ன செய்தார்? தாம் பிறப்பிலேயே உரோமைப் பிரஜை என்று சொன்னார். அதே முதுகு, அதே மனுஷன். ஆனாலும் சேவகர்கள் பின்வாங்கினார்கள், சேனாதிபதி பயந்தான். பிற்பாடு அவர் இராயனிடமே அப்பீல் செய்தார். சட்டத்தைக் கையிலெடுத்துக் கேட்பது பக்திக்குக் குறைவென்று அவர் நினைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெத்தானி நாட்டில் ஏழைகளின் வழக்குகளைக் கூலியில்லாமல் நடத்திய குருவானவராகிய ஈவோ என்பவரைத் திருச்சபை 1347-ல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது. உண்டியல் காசு வக்கீலுக்கா என்று கேட்பவர்கள், திருச்சபை ஒரு வக்கீலையே பீடத்தில் ஏற்றி வைத்திருப்பதை நினைக்க வேண்டும்.

“அனுமதியில்லாமல் தோணியில் வந்தவர்களுக்குச் சட்டத்தில் என்ன உரிமை?” என்று சிலர் கேட்கிறார்கள். அகதிகளைப் பற்றிய 1951-ம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை என்பது மெய். அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆனால் நம் அரசியல் சாசனம் ஒரு வார்த்தையைக் கவனமாய்த் தெரிந்தெடுத்திருக்கிறது. பேச்சுரிமை முதலியவற்றைச் சொல்லும் 19-ம் ஷரத்து பிரஜைகளைப் பற்றிப் பேசுகிறது. சட்டத்தின் முன் சமத்துவத்தைச் சொல்லும் 14-ம் ஷரத்தும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ம் ஷரத்தும் மனிதர் எவருக்கும் என்று பேசுகின்றன. 1996-ல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளைத் துரத்த முயன்றபோது, தேசிய மனித உரிமை ஆணையம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதையே சொல்லி அவர்களைக் காப்பாற்றியது. 2025-ல் வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழும், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து மத்திய சர்க்கார் விலக்குக் கொடுத்திருக்கிறது. தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, நீ எங்களவன் என்பது வேறு. ஆனாலும் அது ஒரு படி.

“சோறு போட்ட சர்க்காரின்மேலேயே வழக்கா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் அல்லவா?” என்பது வேறொரு கேள்வி. 1983 முதல் தமிழ்நாட்டுச் சர்க்கார் இவர்களுக்கு வீடும் அரிசியும் பணமும் கொடுத்து வருகிறது. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, ரூ. 317 கோடிக்குத் திட்டமும் அறிவித்தது. நன்றி சொல்ல வேண்டியதே. ஆனால் கோர்ட்டும் அதே நாட்டின் வாசல்தான். வீட்டுக்காரரிடம் முன்வாசலில் வந்து கேட்கிறவன் இரண்டகம் செய்கிறவனல்ல. தரகனிடம் போய்ப் பின்வாசலில் நுழைகிறவனை நினைத்துத்தான் நாம் பயப்பட வேண்டும். முன்வாசல் எங்கேயென்று ஏழைக்குக் காட்டுகிற வேலைதான் சட்ட உதவி.

அதற்கு ஒரு அத்தாட்சி சொல்கிறேன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட்டு கொடுக்கும்படி 2022-ல் மதுரை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அந்த முப்பத்தாறு வருஷத்தில் அவருக்கான சட்டம் மாறவில்லை. பிறந்த நாளிலிருந்து அவர் இந்தியப் பிரஜைதான். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. அதேபோல், 2019-ல் அறுபத்தைந்து பேர் சேர்ந்து, நாங்கள் மலையகத்திலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் என்று வழக்குத் தொடுத்தபோது, அவர்கள் மனுக்களைத் தாமதமின்றிப் பரிசீலிக்கும்படி அதே மதுரைக் கிளை உத்தரவிட்டது.

“நம் ஏழைகளே இருக்க, அவர்களுக்கு ஏன்?” என்பதுதான் கடைசிக் கேள்வி. நம் பங்கில் எத்தனை வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்டு, மன்னாரிலும் ஊர்காவற்றுறையிலும் கோர்ட்டில் நின்றிருக்கிறார்கள்! அப்போது அந்தத் தேசத்து வக்கீல் ஒருவர் எழுந்து இவர்களுக்காகப் பேசினார். அவர்களும் அனுமதியில்லாமல் போனவர்கள்தாமே என்று நாம் அன்று சொல்லவில்லை. அந்த வக்கீலை ஆசீர்வதியும் என்று இந்தக் கோவிலிலேயே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டோம். அங்கே நம்மவருக்குக் கேட்டதை இங்கே அவர்களுக்குக் கொடுக்க மறுப்போமா?

சட்ட உதவி எல்லாரையும் ஜெயிக்க வைக்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல வக்கீல், இல்லை என்றும் சொல்வார். 2006-ல் இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரும் இலங்கைப் பிரஜைகளானால், பிறப்பினால் இந்திய உரிமை இல்லை. அயல்நாட்டிலிருந்து வந்த சில சமூகத்தாருக்கு வழி திறந்த 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பிறப்பைப் பதிவுசெய்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்து, அந்த நாட்டுப் பிரஜா உரிமையையாவது பெற்றுத் தரலாம். 1984-ல் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்படிப்பட்ட பதிவு வேலையைப் பல வருஷமாகச் செய்திருக்கிறது. சட்டமே குறையாயிருக்கும் இடத்தில், அதைத் திருத்தும்படி ஆளுகிறவர்களிடம் பரிந்து பேசுவதும் இந்த வேலையின் பாகமே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் சர்க்கார் செலவிலேயே வக்கீல் கொடுக்க 1987-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அதைத் தெரிந்து போய்க் கேட்க ஒருவர் வேண்டும். பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதத்தை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். உண்டியலிலிருந்து கேட்பது அந்த ஒருவருடைய பஸ் செலவைத்தான்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். கள்ளப் பாஸ்போர்ட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையை அனுபவித்தான். பிரஜா உரிமை கேட்கும் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்தக் குற்றமே இப்போது அதற்குத் தடையாய்ச் சொல்லப்படுகிறது. முடிவு எப்படியாகுமோ, சர்வேசுரனுக்குத்தான் தெரியும்.

சென்ற வருஷம் அந்த அம்மாளைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: “நீங்க அன்னிக்குப் பொய் எழுதாதது நல்லதுதான் சாமி. இப்ப வக்கீலம்மா கோர்ட்டுல காட்டுறது உங்க கோயில் புத்தகத்தத்தான். ஆனா, ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்குத்தான் ஞானோபதேச அறையைத் திறக்க வேண்டுமென்கிறேன். வருகிற ஞாயிறு சபை மறுபடி கூடும். முடிவு உங்களுடையது. உண்டியலைப் பற்றி என்ன தீர்மானித்தாலும், மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஞானஸ்நானப் புத்தகங்களோடு நான் அந்த அறையில் உட்கார்ந்திருப்பேன். பாரங்கள் எழுதத் தெரிந்தவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தாசில்தார் கச்சேரி வழக்கம் அறிந்தவர்கள் வந்தால் உதவியாயிருக்கும். கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவர் முப்பது வருஷம் ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய கையெழுத்தை வாசிக்க அவரைப்போல் இந்த ஊரில் ஆள் இல்லை. அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைப்பேன்.

உங்கள் பங்குக் குரு